சிரித்தது நான் இல்லை

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டியின் பூட்டு வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது. துப்பட்டாவால் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன். எதுவும் தொலையவில்லை.

வேலை சலவை நிலையத்தில். கல்லில் அடித்துத் துவைக்கிற இடம் இல்லை. மருத்துவமனைகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக விரிப்புகள் வரும். அலமாரி உயரத்துக்கு இருக்கிற இயந்திரங்களில் போட்டுத் துவைப்பார்கள். எனக்கு ரோலரில் வேலை. இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துச் சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். அந்தப் பக்கம் அது காய்ந்து, இஸ்திரி போட்ட மாதிரி வெளியே வரும். "விரலை மட்டும் உள்ள விடாதே, மத்ததெல்லாம் பழகிடும்" என்று முதல் நாளே சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் அதில் கவனமாக இருக்கிறேன்.

பின்பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிறேன். அறைக்கு ஆறு பேர். யாரிடமும் பேசாததால் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பரவாயில்லை, கோபமாகச் சொல்வதில்லை.

உன் கைப்பேசியை அத்தான் எடுத்துப் பார்ப்பார், கூப்பிடாதே என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அதனால்தான் நீ வேலை செய்கிற தையல் கடை முகவரிக்கு எழுதுகிறேன். கடைக்கார அம்மா பிரித்துப் படிக்க மாட்டார் அல்லவா?

அன்று நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எதற்கு?

அத்தான் உன் தலையைச் சுவரில் மோதியபோது நான் சமையலறை வாசலில் நின்று சிரித்தேன். வாயைப் பொத்தினேன், விரல் இடுக்கு வழியாக வந்தது. நீ தரையில் உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாய். மறுநாள் காலையில் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "கிளம்பு" என்று மட்டும் சொன்னாய்.

எனக்கு அது வேடிக்கையாக இல்லை, அக்கா. சத்தியமாக இல்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இருமல் வந்தால் இருமுகிறோம் அல்லவா, அப்படித்தான் வந்தது. அது நான் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தங்கை


ஜூன் 21

சுண்டு,

கடிதம் வந்தது. கடைக்கார அம்மா பிரிக்கவில்லை. "யாரு எழுதுறா, இந்தக் காலத்துல?" என்று மட்டும் கேட்டார். பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கு. ஆறு பேர் இருக்கிற அறையில் துப்பட்டா காவல் காக்காது. வேளைக்குச் சாப்பிடு. உன் கழுத்தெலும்பைப் பார்த்தால் எங்கள் வீட்டில் சோறு போடவில்லை என்று நினைப்பார்கள்.

திட்டியாவது எழுது என்றாய். எழுதுகிறேன்.

அன்றைக்குப் பிறகு அவருக்கு ஒரு புது வசனம் கிடைத்திருக்கிறது. கையை ஓங்கும்போதெல்லாம் சொல்கிறார். "உன் கூடப் பொறந்தவளே சிரிக்கிறா. நீ எதுக்கு ஊரைக் கூட்டுற?" அடித்த இடம் ஆறிவிடும், எனக்கு அது பழக்கம். நீ சிரித்தது ஆறவில்லை. அம்மா போன பிறகு உனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பேன் பார்த்து வளர்த்தவள் நான். நான் கீழே கிடக்கிறேன், நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையாம். எனக்கும்தான் தெரியவில்லை.

உன்னை அனுப்பியதற்குக் கோபம் பாதிக் காரணம். மீதிப் பாதியை எழுத மாட்டேன். நீ இங்கே இல்லாதது நல்லது, அவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

பூட்டு வாங்கிவிட்டேன். நீ பதில் போட்டதே போதும்.

அத்தான் அதை அப்படிப் பிடித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. ரோலரில் நின்றபடி அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சுருட்டிக்கொண்டது. இயந்திரத்தையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. அவர் என்னைத் திட்டுவதே இல்லை.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். படிப்பு ஏறவில்லை என்பேன். அது பொய். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அடிக்கோலால் உள்ளங்கையில் அடிப்பார். வரிசையாக அடித்துக்கொண்டே என் பக்கம் வருவார். அவர் நெருங்க நெருங்க வயிற்றுக்குள் ஏதோ சுருண்டு சுருண்டு மேலே ஏறும். என் முறை வந்ததும் சிரித்துவிடுவேன். "திமிரப் பாரு" என்று இன்னும் இரண்டு போடுவார். போடப் போட அதிகமாகும். வகுப்பே சேர்ந்து சிரிக்கும். ஒரு நாள் தலைமையாசிரியையிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மா, "என்ன வேடிக்கைன்னு சொல்லு, நானும் சேர்ந்து சிரிக்கிறேன்" என்றார். அதற்கும் சிரித்தேன். மறுநாள் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும்தான் போக முடிந்தது. கால் அதற்கு மேல் போகவில்லை.

அம்மா இறந்த அன்றைக்கும் வந்தது. நீ என்னைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வந்தவர்களிடம் "அவளுக்கு மயக்கம்" என்று சொன்னாய். எனக்கு உள்ளே கேட்டது. அதனால் உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு வயது பெரியவள் இருப்பாள். எல்லோரும் அவளை விக்கல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பயந்தால் அவளுக்கு விக்கல் வரும். நீராவிக் குழாய் திடீரென்று சீறும்போது அவள் விக்குவாள், நான் சிரிப்பேன். முதல் தடவை முறைத்தாள்.

"என்னைப் பார்த்தா சிரிக்கிற?"

"இல்ல. எனக்கும் பயம். பயந்தா இப்படித்தான் வருது."

"சரியாப் போச்சு. நம்ம ரெண்டு பேரையும் மேடையில ஏத்தினா கச்சேரியே வெச்சிடலாம்" என்றாள்.

நான் சொன்னதை அவள் உடனே நம்பிவிட்டாள். அன்று எனக்கு அழுகை வந்தது, சரியான இடத்தில்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். விக்கினால் தண்ணீர் கொடுக்கிறார்கள். அழுதால் யாராவது முதுகைத் தடவுகிறார்கள். மயங்கினால் விசிறுகிறார்கள். சிரித்தால் இன்னும் இரண்டு போடுகிறார்கள்.

உன் தலையில் பட்ட காயம் எப்படி இருக்கிறது?

உன் தங்கை


ஜூலை 17

சுண்டு,

பள்ளிக்கூடத்தை விட்ட காரணத்தை இத்தனை காலம் கழித்துத் தபாலில் அனுப்புகிறாய். அப்போதே வாயைத் திறந்திருந்தால் அந்த வாத்தியாரை வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன். உன் வாய் சிரிக்க மட்டும்தான் திறக்கும்.

அம்மா இறந்த நாள் எனக்கு மறந்துபோயிருந்தது. நீ எழுதிய பிறகு நினைவு வந்தது. அன்று உன்னைக் காப்பாற்றத் தெரிந்தது. என் முறை வந்தபோது தெரியவில்லை.

காயம் ஆறிவிட்டது. உடம்பைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். தெருமுனையில் அவர் வண்டி திரும்பும்போதே என் விரல்கள் சில்லிட்டுவிடும். வயிற்றைக் கலக்கும், கழிவறைக்கு ஓட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் அதே மாதிரி வண்டி வாங்கியிருக்கிறார். இப்போது என் உடம்பு ஒரே நாளில் பல தடவை ஏமாறுகிறது. அடி விழும்போது எனக்கு வலிப்பதில்லை. பக்கத்து அறையில் யாரோ பாய் தட்டுகிற மாதிரி தூரத்தில் கேட்கும். முடிந்ததும் எழுந்துபோய்க் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவேன். வலி மறுநாள்தான் கடைக்கு வந்து பக்கத்தில் உட்காரும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன்போல. கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துவிட்டது. கடைக்கார அம்மா, "இந்த வயசுல எப்படிடி பல்லு போகும்?" என்றார். சோற்றில் கல் என்றேன்.

எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். கழுத்துக்கு இஸ்திரிப் பெட்டி. முழங்கைக்குக் குளியலறை வழுக்கல். நெற்றிக்கு அலமாரிக் கதவு. கடையில் எல்லோருக்கும் நான் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பேர் ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். நீயும் அந்த விக்கலிடம் எதையும் உளறி வைக்காதே.

இன்னொன்று. "சின்னப் பொண்ணு அங்க தனியா இருக்கலாமா, கூட்டிட்டு வந்திடு" என்று அவர் இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். நல்ல குரலில்தான் சொல்கிறார். வராதே. நான் கூப்பிடுகிற மாதிரி யாராவது செய்தி அனுப்பினாலும் வராதே.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

இதைக் கடையில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது படி. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் என்னை உலர்த்தும் அறையில் இருந்து துண்டுகளை எடுத்துவரச் சொன்னார். அந்த அறை எப்போதும் அடுப்பு மாதிரி இருக்கும். போனேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் அவர் உள்ளே நிற்கிறார்.

"உனக்குக் கேட்க நாதி இல்லையாமே, அப்படியா?" என்றார்.

கையைப் பிடித்தார். விடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது.

"சிரிக்கிற! அப்ப கோபம் இல்ல."

அவர் இறுக்க இறுக்க எனக்குச் சத்தம் கூடியது. காது அடைத்துவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அறையில் இருந்த எதுவுமே தெரியவில்லை, அவர் சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும் தட்டு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதில் நூல் பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

நான் சிரித்தது வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. "ஊமைக்கோட்டானுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று அவர்களும் சிரித்திருக்கிறார்கள். விக்கல் மட்டும் கையில் இருந்த விரிப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கதவை உதைத்தாள். விக்கிக்கொண்டே கத்தினாள். ஒரு வார்த்தையும் முழுசாக வரவில்லை. அவர் கதவைத் திறந்து, "ஒரு ஜோக் சொன்னேன், சிரிச்சா. அதுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்றார். அவர் கை விலகியதும் நான் துண்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அவள் வராமல் இருந்திருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தால் மறுபடியும் காது அடைக்கிறது.

விக்கல் என்னை மேலாளரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். "நீ சிரிச்சது மொத்த ஹாலுக்கும் கேட்டிருக்கும்மா. பயந்தா யாராவது சிரிப்பாங்களா?" என்றார். இவள் சிரிப்பாள் என்று விக்கல் சொன்னாள். "நீ அவ சிநேகிதி, நீ சொல்லத்தான் செய்வ" என்றார். அம்மா இறந்த நாளைப் பற்றிச் சொன்னேன். "அது துக்கம்மா. அது வேற. ஒரு ஆளுக்குப் பயந்து நீ சிரிச்சதைக் கண்ணால பார்த்தவங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றேன். யார் என்று சொல்லவில்லை. எங்கே பார்த்தார்கள் என்றும் சொல்லவில்லை.

எனக்குப் பதினெட்டு ஆகாததால் வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டுமாம். பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை காலையில் விசாரணை. யாரும் வரவில்லை என்றால் அதோடு முடித்துவிடுவார்கள். ரோலரை ஓடவிட்டு வந்ததற்காக விக்கலுக்கு வேலை போய்விடும். நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன்.

நீ எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். வருவாயா?

உன் தங்கை


ஆகஸ்ட் 7

சுண்டு,

படித்ததிலிருந்து கை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்துவிட்டேன்.

நீ ஏன் தனியாகப் போனாய்? யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே போய்விடுவாயா? உன்னை அங்கே பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே அனுப்பினேன்.

என்னால் வர முடியாது. நீயே யோசித்துப் பார். முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் உட்கார்ந்து, இவள் எப்போது சிரித்தாள் என்றால், என் புருஷன் என்னை அடித்தபோது என்று சொல்ல வேண்டும். அங்கே சொன்னது இங்கே வந்து சேர எத்தனை நாள் ஆகும்? கடையில் தெரியும், தெருவில் தெரியும். அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் எந்த வீட்டுக்குப் போவேன்?

மேலாளருக்குத் தனியாக ஒரு தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே காரணம் இல்லாமல் சிரிக்கிற சுபாவம் உள்ளவள், ஒழுக்கமான பெண் என்று எழுதியிருக்கிறேன். அதைக் கொடு. அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வேறு இடம் பார்.

என்மேல் கோபப்படாதே.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

தாளைக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டு, "நல்ல பொண்ணுன்னு எழுதியிருக்காங்க. பயந்து சிரிச்சதை எப்ப பார்த்தாங்கன்னு எழுதலையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏன் தனியாகப் போனாய் என்று கேட்டிருக்கிறாய். சூப்பர்வைசரும் எல்லோரிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். போகச் சொன்னது அவர். போகாவிட்டால் வேலையில் திமிர் என்பார்கள். இதை உனக்கு எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

என்னை அழுக்குத் துணி பிரிக்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். நேற்று அந்த வழியாக வந்து என் முன்னால் நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அவர் உதடு அசைவது தெரிந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் காலடியில் தரை நனைந்திருப்பதைப் பார்த்தேன். பதினேழு வயதில், அக்கா. அழுக்கு விரிப்பு ஒன்றை எடுத்துத் துடைத்தேன். அந்த அறையில் அது ஒன்றுதான் வசதி.

அவளே சிரிக்கிறாள் என்று அத்தான் சொன்னார். இவரும் அதையேதான் சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நீ.

இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.


ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

புதன்கிழமை விசாரணை முடிந்து உன் பேருந்து கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் வரலைன்னா..." என்று ஆரம்பித்தபோது கதவு திறந்தது. கடைக்குப் போகிற அதே பையோடு நீ நின்றாய். பையில் இருந்து அளவு டேப் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாய் என்று புரிந்தது.

உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ, முதலில் நீ பேசியது யாருக்கும் புரியவில்லை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. சூப்பர்வைசர் உதட்டைச் சுழித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மேலாளர் தண்ணீரை நகர்த்தினார். நீ அதைத் தொடவில்லை. கையால் தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாய். பிடித்தபடியே சொன்னாய்.

"என் வீட்டுக்காரர் என்னை அடிச்சப்ப பார்த்தேன். சுவத்துல தலையை மோதினாரு. இவ வாசல்ல நின்னு சிரிச்சா. நானும் உங்கள மாதிரிதான் நினைச்சேன். ஆனா இவ காலைப் பார்த்தேன். ரெண்டு காலும் உதறிட்டு இருந்துச்சு. வாய் மட்டும்தான் சிரிச்சுது. அதைப் பார்த்துட்டும்தான் இவளை வீட்டை விட்டுத் துரத்தினேன்."

என் கால் உதறியது எனக்கே தெரியாது, அக்கா. நீ அதைப் பார்த்தாய் என்றும் தெரியாது.

பக்கத்தில் இருந்த அலுவலக அம்மா மெதுவாக, "அடிக்கடி அடிப்பாரா?" என்று கேட்டார். "அதைச் சொல்ல நான் இங்க வரல" என்றாய். விக்கல் அதை இன்னும் சொல்லிச் சொல்லி வியக்கிறாள். "உங்க அக்கா பல்லு ஆடினாலும் பேச்சு ஆடலைடி" என்கிறாள்.

நீ சரியாகத்தான் சொன்னாய்.

முடிவைச் சொல்கிறேன். அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. போகும்போது மேலாளருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். "அங்கயும் உலர்த்துற ரூம் இருக்கும்ல?" என்று விக்கல் கேட்டாள். அவள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை மறுபடியும் ரோலருக்கு மாற்றியிருக்கிறார்கள். பெண்கள் இப்போது என்னிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள். உடைந்துவிடுவேன் என்பதுபோல.

நீ அன்று கடைக்குப் போகவில்லை என்று அத்தானுக்குத் தெரிந்துவிட்டதா? ஒரு வரி போடு. ஒரே ஒரு வரி.

உன் தங்கை


செப்டம்பர் 1

சுண்டு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. வலது கை நன்றாக இருக்கிறது. நான் கடைக்கார அம்மா வீட்டில் இருக்கிறேன். முதலில் இதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தைப் படி.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எங்கே போனாய் என்றார். வழியெல்லாம் ஒரு கதையைக் கட்டி வைத்திருந்தேன், நூல் வாங்கப் போனேன் என்று. அது வரவில்லை. அதே வார்த்தைகளைக் காலையில் ஒரு தடவை சொன்ன வாய்க்கு இரண்டாவது தடவை சுலபமாக இருந்ததுபோல.

"தங்கச்சியைப் பார்க்கப் போனேன். அங்க ஆபீஸ்ல, நீங்க என்னை அடிக்கிறதைச் சொல்லிட்டு வந்தேன்."

அவர் சிரித்தார், சுண்டு. உரக்க, நிறுத்தாமல் சிரித்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியாதா? அவருக்குப் பயம். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அதை அன்றுதான் பார்த்தேன். ஒரு கணம் மனசுக்குள் நன்றாகக்கூட இருந்தது. அந்த ஒரு கணத்தில் ஓடியிருக்க வேண்டும். நீ பயந்தால் சிரிப்பதோடு நின்றுவிடுகிறாய். அவர் உடம்பு அதோடு நிற்கிற உடம்பு இல்லை.

வாசலில் வைத்துத்தான் கை முறிந்தது. தெருவே பார்த்தது. எந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேனோ அது அப்படியே நடு வாசலில் போயிற்று. எதிர்வீட்டுப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும்க்கா." இஸ்திரிப் பெட்டி, குளியலறை, அலமாரிக் கதவு எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டியவள்.

காவல் நிலையத்தில் மூன்றாவது தடவை சொன்னேன். பல் ஆடவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், எழுதி வாங்கிக்கொண்டு மறுநாளே விட்டுவிட்டார்கள். என் பக்கம் வர மாட்டாராம். அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் என் உடம்புக்கு விஷயமே தெரிய வந்திருக்கிறது. பட்டப்பகலில் செத்த மாதிரி தூங்குகிறேன். சாப்பிட்டது நிற்பதில்லை. அடி வாங்கிய காலத்தில் வராத வலியெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டுகிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. "பயப்படாதே, பத்திரமான இடத்துலதானே இருக்க" என்கிறார் கடைக்கார அம்மா. அதை என்னிடம் சொல்லி என்ன, உடம்பிடம் சொல்ல வேண்டும்.

இதற்குக் கீழே எழுதுவதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நேற்று ஒற்றைக் கையால் கடையில் பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் கால்சட்டை வாங்க வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. என் பின்னால் நின்று, தலைக்கவசத்தை மேசைமேல் டொம்மென்று வைத்தார். அடுத்து எனக்குத் தெரிந்தது, கடைக்கார அம்மா என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். என் கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். முனை அந்த ஆளின் வயிற்றுக்கு நேராக இருக்கிறது. அந்தக் கத்தரிக்கோல் என் பக்கத்தில்கூட இருந்ததில்லை, மேசையின் அந்தக் கோடியில் ஆணியில் தொங்கும். நான் எப்போது எழுந்தேன், எப்போது அதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

"என்னம்மா, குத்திடப் பார்த்தியா?" என்றார் அந்த ஆள். வாசல் வரைக்கும் பின்வாங்கிப் போயிருந்தார்.

"நான் எடுக்கல" என்றேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

யாரும் நம்பவில்லை. கடைக்கார அம்மாவும் நம்பவில்லை. இன்று காலையில் கத்தரிக்கோல்களை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வெட்டுகிற வேலை வந்தால் அவரே எடுத்துக் கொடுக்கிறார், வாங்கி வைக்கிறார்.

நான் எடுக்கவில்லை, சுண்டு. கைதான் எடுத்தது. நீ நம்புவாய்.

அவர் எழுதிக் கொடுத்ததை மீறி ஒரு நாள் வாசலில் வந்து நிற்பார், எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என்ன செய்வார் என்பதைப் பற்றி இப்போது எனக்குக் கவலை இல்லை. இந்தக் கை என்ன செய்யும் என்று தெரியவில்லை. அதற்குள் இங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். உங்கள் சலவை நிலையத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று அந்த மேலாளரிடம் கேட்டு எழுது. கட்டுப் பிரித்ததும் வந்துவிடுகிறேன். எந்த வேலையாக இருந்தாலும் சரி. கத்தரிக்கோல் இல்லாத வேலையாகப் பார்.

அக்கா